காசை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானாம்

பழைய ராணுவ வெடிமருந்தை அகற்றுவதற்காக ஊரைக் காலி செய்யச் சொல்லப்பட்ட சுவிட்சர்லாந்தின் மிட்ஹோல்ஸ் கிராமம் பற்றிய பதிவின் கீழே நேற்று நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிராமத்துக்காரர்களைப் பற்றி நம் அண்ணன் ஒருவர், "அரசாங்கம் காசு கொடுக்கிறது, வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே, எதற்கு இந்த ஒப்பாரி?" என்று எழுதி, சிரிப்பு பொம்மை வேறு போட்டிருந்தார். நூற்றுக்கணக்கில் லைக்.

அந்தக் கிராமம் இருக்கும் காண்டர் பள்ளத்தாக்கில், மலையைக் குடைந்து ராணுவம் வெடிமருந்துக் கிடங்கு வைத்திருந்தது. சுமார் 7000 டன். 1947 டிசம்பர் 19 இரவு அதில் ஒரு பகுதி வெடித்து 9 பேர் செத்தார்கள். மிச்சம் 3500 டன் இடிபாடுகளுக்குள் புதைந்தது. பெரிய ஆபத்து இல்லை என்றார்கள். ஜனங்களும் நம்பி வீடு கட்டி, பிள்ளை பெற்று, பேரன் பார்த்தார்கள். 2018இல் வந்து, "நாங்கள் நினைத்ததைவிட ஆபத்து அதிகம்" என்றார்கள். அப்புறம், சுத்தம் செய்ய வேண்டும், பத்து வருஷத்துக்கு மேல் வெளியே இருங்கள் என்றார்கள். எழுபது வருஷம் கழித்து!

என் கோபம் காசைப் பற்றியது இல்லை. பக்கத்தில் குடியிருப்பவனிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

"ராணுவ ரகசியத்தை ஊருக்கெல்லாம் தண்டோரா போட முடியுமா?" என்று கேட்பீர்கள். சரி, நியாயம். எத்தனை குண்டு, என்ன ரகம் என்று யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு ஆபத்தா இல்லையா என்பதில் என்ன ரகசியம்? மகாராஷ்டிராவின் புல்காவ் ராணுவ வெடிமருந்துக் கிடங்கு 2016இல் தீப்பிடித்தபோது, அணைக்கப் போன நம் வீரர்களே செத்தார்கள். அதனால் தேசபக்திப் பாடம் எனக்கு வேண்டாம்.

"வெடிமருந்துக் கிடங்கும் வட சென்னை மணலியில் கிடந்த ரசாயனமும் ஒன்றா?" என்று இன்னொருவர். எங்கள் அம்மா மணலியில்தான் இருக்கிறார். பறிமுதல் செய்த கிட்டத்தட்ட 700 டன் அம்மோனியம் நைட்ரேட், அதாவது வெடிக்கக்கூடிய ரசாயனம், 2015 முதல் அங்கே கன்டெய்னர்களில் கிடந்தது. 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் இதே ரசாயனம் வெடித்த பிறகுதான் அது அம்மாவுக்குத் தெரிந்தது, அதுவும் டிவியில். "ஏன்டா, இத்தனை வருஷமா இது பக்கத்துலயா நான் வடாம் காயப்போட்டேன்?" என்று போனில் கேட்டார். நான் ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "பயப்பட ஒன்றுமில்லை சார்" என்று வைத்துவிட்டார்கள். அடுத்த சில நாட்களில் லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்றால் அந்த அவசரம் எதற்கு?

சொல்லியிருந்தால் அம்மா வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பாரா என்றால், மாட்டார். ஆனால் முடிவெடுக்கும் உரிமை அவருடையது இல்லையா?

வட சென்னை என்றால் எதையும் கொண்டுவந்து கொட்டலாம், யாரிடமும் சொல்ல வேண்டாம். 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த ராத்திரி, ஜனங்கள் மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். இதற்கும், "அதுதான் பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் கீழே எழுதுவார். எழுதட்டும். அவருக்கு வீடு அண்ணா நகரா அடையாறா என்பதை மட்டும் முதல் வரியில் சொல்லிவிட்டு எழுதட்டும்.