பத்து மின்வேன் சார்ஜ் போட்டால் ஊரே இருண்டுவிடுமா?

"ஒரே இடத்தில் பத்து மின்சார வேன்களுக்குச் சார்ஜ் போட்டால் டிரான்ஸ்போமர் வெடித்து மட்டக்களப்பு கல்லடி முழுக்க கரண்ட் போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது சரியில்லை.

32 அம்பியர் சார்ஜர் ஒன்று இழுப்பது சுமார் 7.4 கிலோவாட். பத்தும் ஒன்றாக ஓடினால் 74. பயம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் பத்து சார்ஜரும் முழு வேகத்தில் ஓடத் தேவையே இல்லை. உதாரணத்துக்கு, மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போய்வர ஏறக்குறைய 80 கிலோமீற்றர். ஒரு வேனுக்கு 20 யூனிட் அளவு போதும். பத்துக்கும் 200. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை பகிர்ந்து ஏற்றினால், வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து 32 கிலோவாட்டுக்குள் அடங்கும். மொத்தச் சுமை கூடும்போது ஒவ்வொரு வண்டிக்கும் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கும் சார்ஜர்கள் இப்போது இருக்கின்றன.

சிக்கலே இல்லை என்று சொல்லவில்லை. 50 கிலோவாட் வேகச் சார்ஜர்கள் இரண்டு மூன்று வைத்தால் தனி டிரான்ஸ்போமரே தேவைப்படலாம். அப்புறம், மாலை 6.30க்கு வேலை முடிந்து வந்த கையோடு எல்லாரும் செருகினால் உச்ச நேரச் சுமையோடு அதுவும் சேரும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில்: மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் இரவெல்லாம் சார்ஜ் போடுவது. பிளக் பழுப்பேறியிருந்தால், தொட்டுச் சூடாக இருந்தால், உடனே நிறுத்துங்கள்.