கூடலூர் ரத்தப் பரிசோதனை: அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு செய்தி சுற்றுகிறது: "அரிவாள் செல் சோதனை என்று ரத்தம் எடுப்பது ரகசிய ஆராய்ச்சிக்கு, கையெழுத்துப் போட்டால் விலகவே முடியாது." இரண்டுமே தவறு.

அந்தச் சோதனை, 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய அரிவாள் செல் ரத்தசோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) ஒழிப்புத் திட்டத்தின் கீழ் நடப்பது. பணியர், குறும்பர், இருளர் மக்களிடம் இந்த மரபணுக் குறை இருப்பதால்தான் இங்கே சோதனை. அம்மா, அப்பா இருவரிடமும் அந்த மரபணு ஒன்று இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம்!

பயம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வு என்று நம்பிக் கொடுத்த ரத்தத்தை அவர்களுக்குச் சொல்லாமலே வேறு ஆய்வுகளுக்குப் பயன்படுத்தி, வழக்கு நடந்து, 2010-ல்தான் சமரசமாகி மாதிரிகள் அவர்கள் கைக்கே திரும்பின. சரி, இங்கே நிஜமாகவே ஆராய்ச்சிக்கு ஆள் வந்தால்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் பாருங்கள், அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நமக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். ஊர்த் தலைவர் சம்மதித்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காகச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேராகக் கேளுங்கள்.