'போத்ரியாஸ்' எல்லாருக்கும் பொருந்தாது

இலங்கையின் எல்ல ஊரில் ரூம் வாடகைக்கு விடுறவங்களுக்கு, 'ஸ்பானிஷ்காரர் யார் வந்தாலும் போத்ரியாஸ் (முடியுமா) என்று கேளுங்க, அதுதான் மரியாதை' என்று ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். பாதிதான் சரி. போத்ரியாஸ் நாம 'நீ' என்று பேசும் ஆளுக்கு மட்டும். வயதானவரிடம் பாஸ்போர்ட் கேட்கும்போது கடைசி 'ஸ்' போகணும்: 'மே போத்ரியா என்சென்யார் சு பாசபோர்த்தே?' அங்கே 'சு'வுக்குப் (உங்க) பதில் 'து' (உன்) போட்டால் திரும்பவும் 'நீ'க்கே இறங்கிடும். ஒரு குடும்பமே வந்தால் போத்ரியன். ஸ்பெயினில் இளைஞர் கூட்டத்துக்கு மட்டும் போத்ரியாய்ஸ்.

அதே பதிவில் 'பொதெரியா' என்று எழுதியிருப்பதும் பிழை. பொதேர் (முடிதல்) என்ற வினையில் நடு 'எ' விழுந்துவிடும். அசேர் (செய்தல்) அரியா ஆவதும் தெசீர் (சொல்லுதல்) திரியா ஆவதும் இதே மாதிரி ஒழுங்கு மாறினவைதான். அழுத்தம் எல்லாவற்றிலும் 'ரி'யில். அதை நீட்டிச் சொல்லுங்க. 'ர்' விட்டுப்போய் 'போதியா' ஆனால் அது வேற காலம்.

'கியெரோ (எனக்கு வேணும்) சொன்னாலே அநாகரிகம்' என்று அவர் சொல்வது ரொம்ப மிகை. மாட்ரிட் கடையில் 'மே போனெஸ் உன் கஃபே?' என்று சாதாரண நிகழ்காலத்தில்தான் காப்பி கேட்பாங்க, ஒருத்தரும் முறைக்க மாட்டாங்க. பணிவா கேட்கணும்னா, கியெரோவின் பணிவான வடிவங்களில் கெர்ரியாவைவிட 'கிசியெரா'தான் அதிகம் காதில் விழும்.