1997 கிராண்ட் நேஷனலில் குண்டு வெடிக்கவில்லை
"1997-ல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் குண்டு வெடித்தது, அந்த ஆண்டு பந்தயமே நடக்கவில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஏப்ரல் 5, சனிக்கிழமை. பந்தயம் தொடங்கும் முன்பு ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசுப் படை) என்ற ஆயுதக் குழுவின் சங்கேதச் சொல்லோடு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. லிவர்பூலின் ஐன்ட்ரீ மைதானத்திலிருந்து சுமார் 60,000 பேரைப் போலீஸ் வெளியேற்றியது. கார்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டதால் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தவர்கள் ஏராளம். முன்பின் தெரியாத அவர்களுக்கு லிவர்பூல் மக்கள் தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். பரப்ப வேண்டியது உண்மையில் இந்தச் செய்தியைத்தான். குண்டு எதுவும் வெடிக்கவில்லை. ஏப்ரல் 7, திங்கள்கிழமை பந்தயம் நடந்தது. டோனி டாபின் ஓட்டிய லார்ட் கில்லீன் என்ற குதிரை வென்றது.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? 1993-ல் தொடக்கம் இருமுறை பிசகியதால் பந்தயம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அதை இதோடு சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியலிலும் பிபிசியின் பழைய செய்திகளிலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.