கதிர் நிற்கும் இடம் அவ்வளவு துல்லியம் அல்ல
புராஸ்டேட் புற்றுநோய்க்குப் புரோட்டான் கதிர் கொடுத்தால் 'கட்டியோடு நின்றுவிடும், மலக்குடலுக்கு ஒன்றும் ஆகாது' என்று பரவலாகச் சொல்வது பாதிதான் சரி. கதிர் நிற்கும் ஆழத்தில் சில மில்லிமீட்டர் முன்பின் ஆகும். அதனால்தான் வயிற்றுப்பக்கமிருந்து செலுத்தி மலக்குடலுக்கு முன்னால் நிறுத்தத் துணிவதில்லை. பெரும்பாலும் இரு இடுப்புப் பக்கங்களிலிருந்து, தொடை எலும்பின் தலை வழியாகவே செலுத்துகிறார்கள். இடுப்பில் உலோக மூட்டு இருந்தால் அந்தப் பாதையும் அடைபடும். புராஸ்டேட் சுரப்பியை ஒட்டிய மலக்குடல் முன்சுவர் எப்படியும் கணிசமான கதிரை வாங்கும். இரண்டுக்கும் நடுவில் ஜெல் வைத்தால் மலக்குடல் சுமார் 1 செ.மீ. விலகும், அது பெரிய உதவி.

தினசரித் தயாரிப்பை அலட்சியப்படுத்தாதீர்கள். மலக்குடலில் வாயு சேர்ந்தால் சுரப்பி முன்னால் தள்ளப்படும். அன்றைய எக்ஸ்ரேயில் சுரப்பியின் இடத்தைக் காட்ட அதனுள் பதித்த தங்க மணிகள் இடம் மாறித் தெரியும். வாயு போன பிறகே கதிர் கொடுக்க வேண்டும். சிறுநீர்ப்பையும் சிகிச்சையைத் திட்டமிட எடுத்த ஸ்கேன் அன்று இருந்த அளவுக்கு நிரம்பியிருக்க வேண்டும்.

புரோட்டானையும், எக்ஸ்ரே வகைக் கதிர் சிகிச்சையான ஐஎம்ஆர்டியையும் ஒப்பிட்டு 2024-இல் வெளியான பார்டிகோல் (PARTIQoL) ஆய்வில், 24 மாதங்களில் குடல் தொந்தரவு ஐஎம்ஆர்டி எடுத்தவர்களுக்கும் புரோட்டான் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.