வறட்சி நிவாரணக் கணக்கில் பூவும் இல்லை, தேனீயும் இல்லை

2016ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்துபோய், 2017 ஜனவரியில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது ஞாபகம் இருக்கும். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம். போதுமா போதாதா என்று டீக்கடை வரைக்கும் வாக்குவாதம் ஓடியது. சரி, நெல் தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துக்கொள்ளும், அதற்குத் தேனீ வேண்டாம். பீர்க்கு, புடலை, பூசணி போட்டவர்கள் என்ன செய்வார்கள்? அங்கே ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, நடுவில் ஒரு பூச்சி வந்தே ஆகவேண்டும். வெயில் ஏற ஏற அந்தக் கொடிகளில் ஆண் பூக்கள்தான் கூடும், பெண் பூ குறையும், அதிலும் பூச்சி வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். நாம் உடனே பூச்சிமருந்துக் கடைக்கு ஓடுவோம்.

ஈரம் குறைந்தால் செடி பூவிலும் கை வைத்துவிடும். எண்ணிக்கை குறையும், பூ சிறுக்கும், உள்ளே ஊறும் தேனும் குறையும். தூரத்தில் இருந்து பார்த்தால் பூத்திருப்பது மாதிரிதான் இருக்கும், தேனீக்கு மட்டும்தான் அது காலிப் பாத்திரம் என்று தெரியும். வேம்பும் புளியும் ஆழத்தில் வேர்விட்டவை, ஓரளவு தாக்குப்பிடித்துவிடும். தும்பை மாதிரி ஒரு பருவத்துச் செடிகள் பூக்காமல், விதை போடாமல் கருகிவிட்டால் அடுத்த வருஷம் மழை பெய்தாலும் அந்த இடத்தில் முன்பு போல முளைக்காது. அதனால்தான் மழை வந்ததும் வறட்சி முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பெட்டியில் வளர்க்கும் அடுக்குத்தேனீ இரை கிடைக்காவிட்டால் கூட்டையே காலி செய்துவிட்டுப் பறந்துவிடும், வளர்ப்பவர் சர்க்கரைப்பாகு வைத்துக் கொஞ்சம் பிடித்து வைக்கலாம். மண்ணில் வளை தோண்டித் தனியாக வாழும் தேனீக்களுக்கு யார் பாகு வைப்பார்கள்? அவை வளர்ந்து வெளியே வந்தபின் பெரும்பாலும் சில வாரங்கள்தான் உயிரோடு இருக்கும், அந்தச் சமயத்தில் பூ இல்லையென்றால் அந்தத் தலைமுறை அவ்வளவுதான்.

இன்னொன்று, திட்டினாலும் பரவாயில்லை. அதே வறட்சியில்தான் சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அந்த மரம் பரவியதால் வந்த கேடு எனக்கும் தெரியும், அதற்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் ராமநாதபுரம் பக்கம் வறண்ட நிலத்தில் தேனீக்குக் கிடைக்கிற பூக்களில் அதுவும் ஒன்று. வெட்டுங்கள், அந்த இடத்தில் வேம்போ புங்கனோ இலந்தையோ வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அதைவிட வருத்தம் வரப்பைப் பார்த்தால். சுத்தமாக இருக்கணும் என்று களைக்கொல்லி அடிக்கிறோம். அப்புறம் கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை என்று போய் ஆவாரை, தும்பை எல்லாவற்றையும் ஒட்ட வழித்துவிட்டுப் போட்டோ எடுக்கிறோம். கரை பலமாக இருக்கப் புதர் வெட்டவேண்டிய இடம் உண்டு, மறுக்கவில்லை. பாதைக்கும் மடைக்கும் வேண்டிய அளவு வெட்டிவிட்டு மீதியைப் பூத்து விதை விழும்வரை விட்டால் என்ன? ஊராட்சி கூட்டத்தில் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.