பேலியேட்டிவ் கேரைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்

"இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்." புற்றுநோய் முற்றியவர்களின் குடும்பத்திடம் இப்படிச் சொல்லும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இந்தப் பேச்சில்தான். குணமாக்க முடியாமல் போகலாம், சரி. வலியைக் குறைக்கலாம், வாந்தியை நிறுத்தலாம், மூச்சுத்திணறலைத் தணிக்கலாம், ராத்திரி தூங்க வைக்கலாம். இதற்கென்றே பேலியேட்டிவ் கேர் என்று தனி மருத்துவத் துறை இருக்கிறது.

ஆனால் அந்தப் பேரைக் கேட்டாலே 'கைவிட்டுவிட்டார்கள்' என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள். கீமோ நடக்கும்போதே கூடச் சேர்த்துப் பார்க்க வேண்டிய சிகிச்சை இது. பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. நுரையீரல் புற்றுநோய் உடம்பில் பரவிய 151 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேர். இந்த இரண்டாவது பிரிவில் மனச்சோர்வு குறைவு, கடைசிக் கட்டத்தில் உடம்பைப் படுத்தியெடுக்கும் சிகிச்சைகளும் குறைவு. அப்படியும் அவர்கள்தான் கூடுதல் நாள் இருந்தார்கள்: இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேர் தாண்டிய அளவு) 11.6 மாதம். மற்றவர்கள் 8.9 மாதம். எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி ஆயுள் கூடும் என்று நான் சொல்ல வரவில்லை. 'அங்கே போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார்' என்ற பயத்தையாவது விடலாம் அல்லவா?

அப்புறம், கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின். அடிமையாகிவிடுவாரோ என்று பயந்து, வலியில் துடிக்கும்வரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அதைக் கொடுக்கும் முறையே வேறு. தொடர்ந்து வலி இருப்பவருக்குச் சாதாரண மார்ஃபின் மாத்திரையைக் கடிகாரம் பார்த்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். நடுவில் வலி கிளம்பினால் கொடுக்கத் தனி டோஸ் எழுதித் தருவார்கள். மலச்சிக்கல் வரும் என்பது தெரிந்த விஷயம், அதனால் முதல் நாளே மலமிளக்கியும் சேரும். எலும்புக்குப் பரவிய வலிக்குப் பல நேரம் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு கொடுத்தாலே போதும். இதெல்லாம் தெரியாமல் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள்!

நோயாளிகளும் மறைக்கிறார்கள். வலிக்கிறது என்று சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். டாக்டர் முன்னால் "பரவாயில்லை சார்" என்பார்கள், வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். 1967-ல் லண்டனில் நவீன ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்துவிட்டு அப்புறம் டாக்டருக்குப் படித்தவர். உடம்பு வலியோடு பயம், பணக்கவலை, பிள்ளைகளைப் பற்றிய நினைப்பு எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்றார். அதனால்தான் ஒரு நல்ல பேலியேட்டிவ் குழுவில் மருத்துவரோடு நர்ஸும் ஆலோசகரும் இருப்பார்கள், கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரிடம் "நீங்கள் தூங்கினீர்களா?" என்றும் கேட்பார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்தால், அடுத்த முறை போகும்போது "பேலியேட்டிவ் குழுவையும் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். "அதற்கு இப்போது என்ன அவசரம்?" என்றால், வலி எந்த நேரத்தில் கூடுகிறது, எவ்வளவு நேரம் தூங்கினார், என்ன உள்ளே போனது என்று ஒரு வாரம் எழுதிவைத்த தாளை மேஜையில் வையுங்கள்.